தரகர் சொன்னதும் தலைப்புச் செய்தி சொன்னதும்

வீடு, மனை வாங்குவது விற்பது தொடர்பாகக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களைப் படித்தபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. தரகர் வாயிலிருந்து வரும் எதையும் நம்பமாட்டேன் என்று தொடங்கும் அதே கடிதம், அடுத்த பத்தியில் "செய்தியில் பார்த்தேன்" என்று ஒரு விலை நிலவரத்தை எந்தத் தயக்கமும் இன்றி எடுத்துவைக்கிறது. ஆகவே இந்த முறை, தரகரையும் செய்தியையும் ஒரே கண்கொண்டு பார்க்க உதவும் கேள்விகளையே தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

கேள்வி (வீடு தேடும் வாசகி ஒருவர்): சாவியைக் கொண்டுவந்து கதவைத் திறந்து காட்டியதைத் தவிர அந்தத் தரகர் எனக்கு எதுவும் செய்யவில்லை. அரை மணி நேர வேலைக்கு வீட்டு விலையில் இத்தனை சதவீதம் என்பது பகற்கொள்ளை இல்லையா?

பதில்: நீங்கள் பார்த்தது அரை மணி நேரம்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் தரகு என்பது நேரத்துக்குத் தரப்படும் கூலி அல்ல. பேரம் முடிந்தால் மட்டும் கைக்கு வரும் பணம். இருபது வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் வாங்கும் எண்ணத்தையே கைவிடுகிற ஒருவரிடமிருந்து தரகருக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை. விற்பவர் மனம் மாறினாலும், வங்கி கடன் தர மறுத்தாலும், கடைசி நேரத்தில் சொத்தில் இன்னொரு பங்காளி முளைத்தாலும் அதே கதிதான். முடிந்த ஒரு பேரம், முடியாமல் போன பல பேரங்களின் செலவையும் சேர்த்தே சுமக்கிறது. நீங்கள் தரும் தொகையில் ஒரு பகுதி, உங்களுக்கு முன்னால் வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களின் கணக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். தரகர் ஒரு நிறுவனத்தின்கீழ் வேலை செய்பவராக இருந்தால், அந்தத் தொகையிலும் ஒரு பங்கு நிறுவனத்துக்குப் போய்விடும்.

இதைச் சொல்வதால் உங்கள் கேள்வியில் நியாயம் இல்லை என்று ஆகிவிடாது. இரு மடங்கு விலையுள்ள வீட்டை விற்க இரு மடங்கு உழைப்பு தேவைப்படுவதில்லை. சதவீதக் கணக்கோ உழைப்பைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்க்கிறது. செய்த வேலைக்கு ஒரு நிலையான கட்டணம் என்று பேசிப் பார்க்கலாம், சிலர் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில், வீடு அமையாமல் போனாலும் நீங்கள் பணம் தரவேண்டியிருக்கும். சதவீதத்தைத் திட்டுகிறவர்களில் பலர் இந்த இடத்தில் சற்று யோசிக்கிறார்கள்.

கேள்வி: விலை ஏற ஏறத் தரகருக்கும் வருமானம் ஏறுகிறது. ஆகவே வீட்டு விலை இப்படி உயர்ந்துபோனதற்குத் தரகர்கள்தான் காரணம் என்கிறேன். என் நண்பர்கள் மறுக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நண்பர்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் அவர்களும் முழுக் காரணத்தைச் சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை.

தரகரின் பங்கு நூற்றுக்கு 2 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் இன்னும் ஒரு மாதம் காத்திருந்து, விலையில் 100 கூடுதலாகப் பெற்றால் அவருக்கு 98 கிடைக்கிறது, தரகருக்கு 2 கிடைக்கிறது. அந்த 2-க்காகத் தரகர் இன்னும் ஒரு மாதம் விளம்பரம் கொடுக்கவேண்டும், ஆட்களைக் கூட்டிவரவேண்டும், இதற்கிடையே இப்போது கையில் இருக்கும் பார்ட்டி வேறு வீட்டைப் பார்த்துப் போய்விடும் அபாயத்தையும் ஏற்கவேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கும் எந்தத் தரகரும், இன்று வந்திருக்கும் விலைக்கே முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகவே விரும்புவார். விலையை ஏற்றுவதைவிடப் பேரத்தை விரைவாக முடிப்பதே அவருக்கு லாபம். ஆகவே, தரகர் விலையை ஏற்றிவிடுகிறார் என்று வாங்குபவர் அஞ்சும் அளவுக்கு, தரகர் விலையைச் சீக்கிரமே விட்டுக்கொடுத்துவிடுகிறார் என்று விற்பவர் அஞ்சுவதற்கும் காரணம் இருக்கிறது. இந்த இரண்டாவது அச்சத்தை எனக்கு வந்த கடிதங்களில் ஒருவர்கூட எழுதவில்லை.

இது வெறும் ஊகம் அல்ல. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள், அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றுள் சில, தரகர்கள் தங்கள் சொந்த வீட்டையே விற்ற விற்பனைகள். வீட்டின் அளவு, இடம், வசதிகள் ஆகியவற்றைச் சமன்செய்து ஒப்பிட்டபோது, தரகர் தன் வீட்டை விற்கையில் அது ஏறத்தாழ 9.5 நாள்கள் கூடுதலாகச் சந்தையில் இருந்தது, சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கும் போனது. பிறர் வீட்டுக்கு "இதற்குமேல் வராது, முடித்துவிடலாம்" என்று ஆலோசனை கூறும் அதே ஆள், தன் வீட்டுக்கு மட்டும் பொறுமையாகக் காத்திருக்கிறார். ஒன்றுக்கொன்று ஒப்பிட முடியாதபடி வீடுகள் பல விதமாக இருக்கும் தெருக்களில் இந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. இணையத்தின் வழியே விலைத் தகவல் பொதுமக்களுக்கும் கிடைக்கத் தொடங்கிய பிறகு சுருங்கியது. தரகருக்கு மட்டுமே தெரிந்த தகவல் எவ்வளவோ, அவ்வளவுக்கே அவரால் உங்களை அசைக்க முடிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

விலை உயர்வுக்கான காரணங்களை வேறு இடத்தில்தான் தேடவேண்டும்: கடன் வட்டி, வருமானம், கட்டப்படும் வீடுகளின் எண்ணிக்கை, கட்ட அனுமதிக்கப்படும் நிலத்தின் அளவு. வட்டி குறையும்போது, அதே மாதத் தவணையில் பெரிய கடன் வாங்க முடிகிறது. பலரும் ஒரே நேரத்தில் அப்படி வாங்குகையில் விலை ஏறுகிறது. தரகர் இதில் அலையின்மேல் மிதப்பவரே அன்றி அலையை எழுப்புபவர் அல்லர்.

கேள்வி: "நான் உங்கள் ஆள், உங்களுக்காகத்தான் பேசுகிறேன்" என்று ஒரு தரகர் எங்களிடம் கூறினார். விற்பவரிடமும் அதையே கூறியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. இது மோசடியா?

பதில்: இரண்டு பக்கமும் தரகு வாங்குவது சில நாடுகளில் தடை செய்யப்பட்டிருக்கிறது, சிலவற்றில் இரு தரப்புக்கும் தெரிவித்து எழுத்தில் ஒப்புதல் பெற்றால் செல்லும், வேறு சிலவற்றில் அது அன்றாட வழக்கம். அதனால் சட்டப்படி மோசடியா என்பதற்கு உங்கள் இடத்துச் சட்டம்தான் பதில் சொல்லவேண்டும். ஆனால் விற்பவருக்கு அதிக விலையும் வாங்குபவருக்குக் குறைந்த விலையும் ஒரே வாயால் பேசித் தர யாராலும் முடியாது. அப்படிப்பட்டவர் அதிகம் போனால் நடுவராக இருக்கலாம், வழக்கறிஞராக இருக்க முடியாது. நடுவர் என்று தெரிந்தே அவருடன் பேசுவதில் தவறு இல்லை. உங்களால் எவ்வளவு வரை ஏற முடியும் என்பதை மட்டும் அவரிடம் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். யாரிடமிருந்து எவ்வளவு தரகு வருகிறது என்று முதல் சந்திப்பிலேயே கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தக் கூச்சத்தால் நட்டம் அடைவது கேட்காதவர்தான்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): ஒரே வாரத்தில் ஒரு செய்தியில் "வீட்டு விலை 20 சதவீதம் உயர்ந்தது" என்றும், இன்னொன்றில் "வீட்டுச் சந்தை சரிந்தது" என்றும் படித்தேன். எங்கள் தெருவிலோ எந்த மாற்றமும் இல்லை. இதில் பொய் சொல்வது யார்?

பதில்: ஐயா, மூவருமே உண்மை சொல்லியிருக்கலாம். உங்கள் பழைய தொழிலை நினைத்துக் கரும்பலகைக் கணக்காகவே சொல்கிறேன்.

ஓரிடத்தில் சென்ற மாதம் ஐந்து வீடுகள் விற்றன: 30, 40, 50, 60, 70 அலகு விலைக்கு. நடுவில் நிற்கும் விலை 50. இந்த மாதம் வட்டி ஏறியதால், சிறு வீடு வாங்கக் காத்திருந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். 50, 60, 70 அலகு வீடுகள் மட்டுமே விற்றன. இப்போது நடுவில் நிற்பது 60. "வீட்டு விலை 20 சதவீதம் உயர்வு" என்று தலைப்புப் போட்டாயிற்று. உண்மையில் எந்த வீட்டின் விலையும் ஒரு துளிகூட மாறவில்லை, விற்ற வீடுகளின் கலவைதான் மாறியது. விற்பனை எண்ணிக்கை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்ததைக் கண்ட இன்னொரு செய்தியாளர் "சந்தை சரிவு" என்று எழுதினார். அவரும் பொய் சொல்லவில்லை. விலை வேறு, விற்பனை எண்ணிக்கை வேறு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

இந்தக் கலவைச் சிக்கலைத் தவிர்க்கவே, கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர் என்ற இருவர் 1980-களில் வேறொரு முறையை வளர்த்தெடுத்தார்கள். ஒரே வீடு இரண்டு முறை விற்கப்பட்டிருந்தால், அந்த இரண்டு விலைகளையும் ஒப்பிடுவது அந்த முறை. ஷில்லருக்குப் பின்னர் 2013-ல் பொருளியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. அவர்கள் பெயரால் வழங்கும் அமெரிக்கக் குறியீடு இன்றும் மாதம்தோறும் வெளியாகிறது. ஆனால் அதையும் செய்தியாக்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது மூன்று மாதச் சராசரி, அதுவும் இரண்டு மாதத் தாமதத்துடன் வருவது. மார்ச் மாத இறுதியில் வெளியாகும் எண், நவம்பர் முதல் ஜனவரி வரை பதிவான விற்பனைகளைக் குறிக்கிறது. பதிவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே விலை பேசி முடிக்கப்பட்டிருக்கும். ஆக, கோடைக்கு முன்னால் நாம் பரபரப்போடு படிக்கும் "இன்றைய நிலவரம்", சென்ற ஆண்டின் பிற்பகுதியில் சிலர் கைகுலுக்கி முடித்த விலை. நட்சத்திர ஒளி மாதிரிதான். கிளம்பியது எப்போதோ, வந்து சேர்வது இப்போது.

இவற்றைவிடவும் மோசமானது, கேட்கும் விலையை விற்ற விலைபோல எழுதுவது. விளம்பரத்தில் உள்ள எண் விற்பவரின் ஆசை. அந்த ஆசைகளைக் கூட்டி வகுத்து "சராசரி விலை" என்று வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விற்காமல் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் வீடுகள் பெரும்பாலும் விலை அதிகமாகச் சொல்லப்பட்டவை. அவை ஒவ்வொரு மாதமும் அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப இடம்பெற்று, சராசரியை மேலே தூக்கிப் பிடிக்கின்றன. உங்கள் தெருவைப் பற்றி நீங்கள் நேரில் அறிந்தது இவை எல்லாவற்றையும்விட மேலான தகவல்.

கேள்வி: முப்பது ஆண்டு அனுபவம் உள்ள தரகர் ஒரு மதிப்புக் கூறுகிறார். இணையத்தில் கணினி ஒரு மதிப்புக் கூறுகிறது. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு. கணினிக்கு ஆசாபாசம் கிடையாதே, அதையே நம்பிவிடலாமா?

பதில்: கணினிக்கு ஆசாபாசம் கிடையாது, உங்கள் சமையலறையைப் பார்த்த கண்ணும் கிடையாது. பதிவான பரப்பளவு, அறைகளின் எண்ணிக்கை, அக்கம்பக்கத்து விற்பனைகள் ஆகியவற்றைக் கொண்டு அது கணிக்கிறது. ஒழுகும் கூரையும், பின்னால் வரப்போகும் சாலையும், பக்கத்து வீட்டு வழக்கும் அதன் தரவில் இல்லை. அமெரிக்காவின் சில்லோ நிறுவனம் இத்தகைய இணையக் கணிப்பால் புகழ்பெற்றது. அதன் அன்றைய தலைமை நிர்வாகி 2016-ல் தன் சொந்த வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றார். அவருடைய நிறுவனத்தின் கணிப்போ அதே வீட்டுக்கு 17.5 லட்சம் டாலர் என்று காட்டிக்கொண்டிருந்தது. பின்னர் அந்நிறுவனம் தானே வீடுகளை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கி, விலைகளை முன்கூட்டிக் கணிக்க முடியவில்லை என்று 2021 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்தது. வாங்கிக் குவித்த வீடுகளின் மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத நேர்ந்தது, ஊழியர்களில் ஏறத்தாழ கால் பங்கினரும் வேலை இழந்தார்கள். தன் பணத்தைப் போட்டு விளையாடியபோது தன் கணிப்பே காலை வாரியது.

அப்படியானால் அனுபவசாலியிடம் போகலாமா என்றால், அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் என்ற ஆய்வாளர்கள் 1987-ல் வெளியிட்ட சோதனையில், ஒரே வீட்டைத் தொழில்முறைத் தரகர்களுக்கும் மாணவர்களுக்கும் சுற்றிக்காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். வீடும் தகவல் தொகுப்பும் ஒன்றே. விற்பவர் கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுக்கப்பட்டது. மாணவர்களைப் போலவே தரகர்களின் மதிப்பீடும் அந்த விலையை ஒட்டியே நகர்ந்தது. ஒரே ஒரு வேறுபாடு: கேட்ட விலை தங்களைப் பாதித்தது என்று மாணவர்களில் பலர் ஒப்புக்கொண்டார்கள், தரகர்களில் மிகச் சிலரே ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தங்களுக்கே தெரியாமல் நடந்தது அது. எனவே மதிப்புக் கேட்கும்போது உங்கள் மனத்தில் உள்ள விலையை முதலில் சொல்லாதீர்கள். அவர் ஒரு எண்ணைச் சொன்னால், அண்மையில் விற்று முடிந்த எந்த எந்த வீடுகளை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். விற்காமல் திரும்பப் பெறப்பட்ட வீடுகளையும் சேர்த்துக் கேட்டால் இன்னும் நல்லது. அந்தப் பட்டியலை எவரும் தாமாகத் தருவதில்லை.

கேள்வி: அமெரிக்காவில் தரகையே சட்டம்போட்டு ஒழித்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே?

பதில்: சுற்றுகிறது, எனக்கும் இரண்டு முறை வந்தது. நடந்தது இதுதான். அங்குள்ள தேசியத் தரகர் சங்கத்துக்கு எதிராக வீடு விற்றவர்கள் தொடர்ந்த வழக்கில், 2023 அக்டோபரில் நீதிமன்றத்தின் ஜூரி குழு சங்கத்துக்குப் பாதகமான தீர்ப்பை வழங்கியது. 2024 மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலர் தருவதாகச் சமரசம் செய்துகொண்டது. விற்பவரே வாங்குபவரின் தரகருக்கும் பங்கு தருவதாக, தரகர்களின் பொதுப் பட்டியலில் குறிப்பிடும் வழக்கம் நிறுத்தப்பட்டது. வீடு சுற்றிக்காட்டப்படும் முன்பே வாங்குபவர் தன் தரகருடன் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவேண்டும் என்ற விதி வந்தது. இவை 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தன. தரகு ஒழிக்கப்படவில்லை, அதற்கு உச்சவரம்பும் விதிக்கப்படவில்லை. "6 சதவீதத் தரகின் முடிவு" என்று பெரிய ஊடகங்களே அப்போது தலைப்பிட்டன. அந்த 6 சதவீதம் எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டிருந்ததில்லை, ஊறிப்போன வழக்கமாகவே இருந்துவந்தது. தலைப்பு இவ்வளவு தூரம் இழுத்தால், வாட்ஸப் இன்னும் கொஞ்சம் இழுக்காமல் இருக்குமா?

கேள்வி: "வாங்குவதற்கு இதுவே சரியான நேரம்" என்று ஒரு வல்லுநர் நாளிதழில் கூறியிருந்தார். நம்பலாமா?

பதில்: அவர் பெயருக்குக் கீழே என்ன பதவி போட்டிருந்தது என்று பாருங்கள். கட்டுமான நிறுவனமோ, கடன் தரும் நிறுவனமோ, தரகு நிறுவனமோ என்றால், அவர் எந்த ஆண்டில் "வேண்டாம், பொறுங்கள்" என்று சொல்லியிருக்கிறார் என்று தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தப் பக்கத்தின் மூலையில் "விளம்பரச் சிறப்பிதழ்" என்ற பொடி எழுத்து இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இதழ்த் தொழிலில் இருந்துகொண்டே இதைச் சொல்ல எனக்குச் சங்கடம்தான்.

கேள்வி (தரகர் ஒருவர்): பதினெட்டு ஆண்டுகளாக நாணயமாகத் தொழில் செய்கிறேன். ஊடகங்கள் எங்களை எப்போதும் ஏமாற்றுக்காரர்களாகவே காட்டுகின்றன. ஒரு மோசடி நடந்தால் தலைப்பு, ஆயிரம் பேரம் ஒழுங்காக முடிந்தால் மௌனம். இதை நீங்களாவது எழுதக் கூடாதா?

பதில்: எழுதுகிறேன். ஒழுங்காக முடிந்த பேரம் செய்தி ஆவதில்லை, சரியாகத் தரையிறங்கிய விமானம் செய்தி ஆகாததைப் போல. பொதுமக்கள் தரகரைப் பற்றி அறிவது பெரும்பாலும் வழக்குப் பதிவான நாளில்தான். அதனால் அந்த ஒருவரின் முகமே தொழிலின் முகமாக நிலைத்துவிடுகிறது. தரகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள எந்தப் பதிவும் உரிமமும் தேவைப்படாத இடங்களில் இந்தக் கெட்ட பெயர் இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்கிறது, ஏனென்றால் நேற்றுவரை வேறு வேலை பார்த்தவரும் இன்று இரண்டு சாவிகளோடு உங்கள் பக்கத்தில் நிற்கிறார். தரம் தெரிந்துகொள்ள வழியில்லாத சந்தையில், கெட்ட சரக்கு நல்ல சரக்கையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970-ல் பழைய கார்களை வைத்து விளக்கினார். அந்த வகை ஆய்வுக்காக 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உங்கள் நிலையும் அதுதான். உரிமமும் பதிவும் கடுமையாக வேண்டும் என்று உரக்கக் கேட்கவேண்டியவர்கள் முதலில் உங்களைப் போன்றவர்களே.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். "விலை 20 சதவீதம் உயர்ந்தது" என்ற அந்தத் தலைப்பைப் பற்றி மேலே ஆசிரியர் ஐயா கேட்டிருந்தார் அல்லவா? அதை என் கைப்பேசிக்கு முதலில் அனுப்பிவைத்தவரும் ஒரு தரகர்தான். "இன்னும் தாமதிக்காதீர்கள்" என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார்.